மயிலக்கா பிடித்த ஹேண்ட் பிரேக்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இதைக் கோபத்தில்தான் சொல்கிறேன். ஆறிய பிறகு சொல்லலாம் என்று மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை. இனி ஆறும் என்ற நம்பிக்கையும் இல்லை.

என் பெயர் சாயிரா பானு. வேலம்பாளையத்தில் நிட்டிங் மெஷினுக்கு வேண்டிய ஊசி, பெல்ட், ஆயில் விற்கும் கடை வைத்திருக்கிறேன். என் கடைக்கு அடுத்த ஷெட் மயிலாத்தாள் அக்காவுடையது. அதில் நாலு மெஷின் ஓடுகிறது. கம்பெனிக்காரர்கள் நூலைக் கொண்டுவந்து இறக்குவார்கள், அக்கா அதைத் துணியாக ஓட்டிக் கொடுப்பார். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. பிள்ளை இல்லை. வீட்டுக்காரர் பதினோரு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சுவலியில் போய்விட்டார்.

அவர் போன மறுமாதம் ஒரு மெஷினில் துணி முழுக்கக் கோடு கோடாக விழுந்தது. ஃபிட்டரைக் கூப்பிட்டால், "வந்துட்டே இருக்கறனுங்க" என்று நாலு நாள் வந்துகொண்டே இருந்தான். ஐந்தாம் நாள் வந்தவன் மெஷினைப் பார்க்கவில்லை. ஷெட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, ஆம்பளைங்க யாரும் இல்லீங்களா? யாருகிட்டப் பேசறதுங்க?" என்று கேட்டான். அக்கா அவன் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கிக்கொண்டார். "இங்க யாரும் இல்லீங்க. நீங்க போயிட்டு வாங்க" என்றார். அந்த ஸ்பேனர் இன்னும் அக்காவிடம்தான் இருக்கிறது. கேட்டு வாங்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

எங்கள் ஊரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாலும் 'ங்க' போட்டுத்தான் தள்ளுவார்கள். அதிலும் மயிலக்கா பிரியமானவர்களை வாடா, போடி என்றுதான் கூப்பிடுவார். அவர் வாயிலிருந்து ஒருவருக்கு 'ங்க' வந்துவிட்டால் அந்த ஆள் தொலைந்தான் என்று அர்த்தம்.

அன்றிலிருந்து அக்கா தன் மெஷின்களுக்குத் தானே ஃபிட்டர். ஊசி மாற்றுவார், ஊசியை ஏற்றி இறக்கும் கேமைக் கழற்றுவார், மோட்டாரைப் பிரித்துப் போட்டுப் பூட்டுவார். சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மெஷினுக்கு அடியில் படுத்திருப்பார். வருகிறவர்கள் காலைப் பார்த்துத்தான் அது அக்கா என்று தெரிந்துகொள்வார்கள்.

இனி அந்தக் காருக்கு வருகிறேன். பியட் 1100, அறுபத்திரண்டாம் வருஷத்து வண்டி. அக்காவின் அப்பா வாங்கியது. அவர் காலத்துக்குப் பிறகு தம்பி சதீஷ்குமார் வீட்டுக் கோழிக் கூண்டுக்குப் பக்கத்தில் கிடந்து துருப்பிடித்தது. சதீஷ்குமார் அக்காவுக்கு எட்டு வயது இளையவர். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் அக்காதான் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தார். இப்போது வீரபாண்டியில் எக்ஸ்போர்ட் கம்பெனி, ஆறு பஸ்ஸில் ஆள் வந்து இறங்கும் கம்பெனி. நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் வீட்டுப் போர்டிகோவை நீட்டிக் கட்டியபோது கார் இடைஞ்சலாக இருந்தது.

"இரும்புக்காரனுக்குத்தான் போடோணும். நீங்க வேண்ணா எடுத்துக்கங்கக்கா, பொழுது போகும்" என்று சிரித்தார். எனக்கு முன்னால்தான் சொன்னார். அவர் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை.

டெம்போவில் ஏற்றி வந்து ஷெட்டில் இறக்கியபோது பின்சீட்டில் ஏழு கோழிமுட்டை இருந்தது. தரைத் தகடு முழுக்க ஓட்டை, உட்கார்ந்தால் கால் ரோட்டில் படும். எஞ்சின் இறுகிப்போய்க் கிடந்தது. அக்கா பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக டீசலை ஊற்றி ஒன்பது நாள் ஊறவிட்டார். பத்தாம் நாள் ஒரு நீளப் பைப்பைப் போட்டு நெம்பியபோது அது 'ணக்' என்று ஒரு அசைவு அசைந்தது. "பானூ! அசைஞ்சுருச்சுடீ!" என்று அவர் கத்தியது நாலு மெஷின் சத்தத்தையும் தாண்டி என் கடைக்குக் கேட்டது.

கோயமுத்தூரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனால், "உங்க ஊட்டுக்காரரைப் போன்ல பேசச் சொல்லுங்க மேடம்" என்பார்கள். அக்கா பழைய சாமானைப் பையிலிருந்து எடுத்துக் கவுண்டர்மேல் வைப்பார். "இதே மாதிரி வேணும். பேசறதுக்கு ஒண்ணும் இல்லீங்க" என்பார். தரைத் தகட்டைத் தானே வெட்டி வெல்டிங் வைத்தார். வயரிங் முழுக்கப் புதிதாக இழுத்தார். கார்புரேட்டரைச் சுத்தமாகத் துடைத்து மாட்டினார், வண்டி கிளம்பி நூறடி போய் நின்றது. பனியன் வேஸ்ட் துணியில் துடைத்திருந்தார். எங்கள் ஊரில் துடைப்பதென்றால் அதுதானே! அதன் பஞ்சு ஒரு இழை உள்ளே போய் அடைத்துக்கொண்டது. அதைக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது. தன்னைத்தானே திட்டிக்கொண்டே திரும்பவும் பிரித்தார்.

ஹேண்ட் பிரேக் பல் தேய்ந்து வழுக்கியது. அக்கா அந்தப் பல்லில் வெல்டிங் வைத்து, அரத்தால் ராவிராவி ஆறு சாயங்காலம் உட்கார்ந்து புதுப்பல் எடுத்தார். என் கடைக்கு முன்னால் ரோடு ஓடையைப் பார்த்துச் சரிகிறது. ஒருநாள் காலையில் அந்தச் சரிவில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, இறங்கிப் போனார். "அக்கா, சக்கரத்துக்குக் கல்லு வெக்கட்டுமா?" என்று கேட்டேன். "வேண்டாம், நிக்கும்" என்றார். எனக்கு நாள் முழுக்க வியாபாரத்தில் புத்தி போகவில்லை. கடை சாத்தும்வரை அது நின்ற இடத்தில் நின்றது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நாலு வருஷமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தவள் தேஜஸ்ரீ. சதீஷ்குமாரின் ஒரே மகள். அத்தையோடு சேர்ந்து உப்புத்தாள் போட்டுக் கதவைத் தேய்ப்பாள், இரண்டு பேரும் எதையாவது சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். "அத்தை, என்ற கல்யாணத்துக்கு நான் இந்த வண்டிலதான் மண்டபத்துக்குப் போவேன். நீங்கதான் ஓட்டோணும்" என்று ஒருநாள் சொன்னாள். "வேற எவன்டி ஓட்டறது?" என்றார் அக்கா. அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அக்கா அதற்குப் பிறகு செய்த வேலை எல்லாமே அந்த ஒரு நாளுக்காகத்தான். பெயின்ட் டப்பாவைத் திறக்கும்போதுகூட, "புள்ளை உக்காந்து போறது, மட்டமா இருக்கப்படாது" என்பார்.

போன தை மாதம் கல்யாணம் முடிவானது. வண்டி வெண்ணெய் நிறத்தில் தயாராக நின்றது. சதீஷ்குமார் வந்து பார்த்தார். பானெட்மேல் கை வைத்து நின்று போட்டோ எடுத்தார். சாயங்காலம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அந்தப் படம் இருந்தது. 'எங்கள் குடும்ப வண்டி, மீண்டும் எங்கள் கைகளால்' என்று கீழே போட்டிருந்தார். யாருடைய கை? அந்தக் கையில் ஒரு பொட்டு கிரீஸ் பட்டிருக்குமா? நான் அக்காவிடம் காட்டினேன். "போகட்டும் விடுடீ, சின்னப் பையன்" என்றார். நாற்பத்து நாலு வயது சின்னப் பையன்!

பெண் அழைப்புக்கு முந்தின நாள் காலையில் அந்தச் சின்னப் பையன் கம்பெனி டிரைவர் ஆரோக்கியராஜைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் ஆயில் டின்னோடு அங்கேதான் நின்றிருந்தேன்.

"அக்கா, வண்டிய எடுத்துட்டுப் போறனுங்க. நம்ம ஆரோக்கியராஜு ஓட்டுவாப்ல."

"நாந்தானடா ஓட்டறதாப் பேச்சு?"

அவர் மெஷினைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நல்ல காரியமுங்கக்கா. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க ஒரு மாதிரி பாப்பாங்க. பொண்ணு வர்ற வண்டில முன்னால நீங்க உக்காந்திருந்தா... உங்களுக்கே தெரியுமுங்களே. நீங்க மெதுவா மண்டபத்துக்கு வந்துருங்க. பந்தி பூராவும் நீங்கதான் பாத்துக்கோணும்."

அடப்பாவி! இடுப்பில் தூக்கி வளர்த்தவளைப் பார்த்து, நீ தாலி அறுத்தவள், என் மகளுக்கு முன்னால் உட்காராதே என்று சொல்கிறான். அதையும் 'ங்க' போட்டுச் சொல்கிறான்! வண்டி ஆகும், வண்டியைச் செய்தவள் ஆகாது. பந்தி பார்க்க ஆகும், முன்சீட்டுக்கு ஆகாது. என் கையில் இருந்த டின்னை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"சரிங்க" என்றார் அக்கா. சாவியைத் தம்பியிடம் தரவில்லை. டிரைவரைக் கூப்பிட்டு அவர் கையில் கொடுத்தார். "சோக்கை இழுத்துட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. ஆக்சிலேட்டரை மிதிக்காதீங்க." வண்டி போனதும் அது நின்ற இடத்தைக் கூட்டிப் பெருக்கினார். அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு நான் நல்ல சேலை கட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். ஐந்து மணிக்குப் பெண் அழைப்பு. எப்படியாவது அக்காவைக் கிளப்பிக் கூட்டிப்போக வேண்டும். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு அலமாரியில் சாமானை ஒதுங்க வைத்துக்கொண்டிருந்தார். ஒரு டப்பா மூடியில் இரண்டு ரப்பர் வாஷர் ஆயிலில் கிடந்தது. பிரேக்குக்கு உள்ளே போடும் வாஷர். மாட்டியது போக மிச்சம் இருந்த இரண்டு. அக்கா ஒன்றை எடுத்து விரலில் மாட்டிப் பார்த்தார், பிறகு வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

"பானு, இங்க வாடீ."

வாஷர் ஊறின வடையாட்டம் உப்பிப்போய் இருந்தது. அமுக்கினால் கொழகொழவென்று இருந்தது.

அது என் கடை ஆயில். பத்து நாளைக்கு முன்னால் அக்கா பிரேக்கைப் பூட்டும்போது பிரேக் ஆயில் பாதியில் தீர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை. "இதைப் போடலாமாடீ?" என்று கேட்டார். தண்ணீர் மாதிரி சுத்தமான நிட்டிங் ஆயில். நாங்கள் இரண்டு பேரும் அதிலேயே பிழைக்கிறவர்கள். அத்தனை விலை மெஷினுக்கே ஊற்றுகிறோம், காருக்கு ஆகாதா என்று நான்தான் டின்னைத் தூக்கிக் கொடுத்தேன். ஊசிக்கும் இரும்புக்கும் ஊற்றியே பழகியவர்கள் நாங்கள், ரப்பரைப் பற்றி இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அந்த ஆயில் பிரேக் ரப்பரை உப்ப வைத்துவிடும். உப்பினால் பிரேக் பிடித்த பிடி விடாது. வண்டி ஓட ஓடச் சக்கரம் கொதிக்கும். கடைசியில் பிரேக்கே இல்லாமல் போகும்.

"என்ற புத்தியச் செருப்புல அடிக்கோணும்" என்றார் அக்கா. "புள்ளை அதுல உக்காரப் போறாடீ."

தம்பிக்குப் போன் போட்டார். மூன்று தடவையும் கட் ஆனது. தேஜஸ்ரீ போனை யாரும் எடுக்கவில்லை. நான் என் போனிலிருந்து சதீஷ்குமாரைக் கூப்பிட்டேன். எடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "ஏனுங்க, அக்காவை நீங்கதான் கொஞ்சம் சமாதானப்படுத்தோணும். கல்யாணம் முடியட்டும், பேசிக்கலாமுங்க" என்று வைத்துவிட்டார். சண்டைக்குத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்திருக்கிறார். குற்றமுள்ள மனசு!

அக்கா ஒரு ஸ்பேனரை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். அந்த ஃபிட்டரின் ஸ்பேனர்தான். என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தார். காதர்பேட்டையில் பனியன் பண்டல் ஏற்றிய ஆட்டோக்கள் வழி விடாமல் நின்றன. நான் கத்திய கத்தலில் ஹிந்திக்காரர்கள்கூட ஒதுங்கிக்கொண்டார்கள். வீரபாண்டி போய்ச் சேர ஐந்தே கால் ஆகிவிட்டது.

கோயிலில் தேங்காய் உடைத்துப் பெண்ணை ஏற்றிவிட்டார்கள். மண்டபம் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான், ஆனால் நடுவில் ரோடு இறக்கமாக இறங்கி ஏறும். முன்னால் மேளம், பின்னால் சனம், நடுவில் பூச்சரம் போட்ட பியட். முன்சக்கரத்திலிருந்து ரப்பர் கருகும் நாற்றம் எனக்கே அடித்தது. மேளத்துக்காரர்களைத் தள்ளிக்கொண்டு போய் அக்கா வண்டிக்கு நேர் எதிரே நின்றார். ஆயில் சட்டையோடு, பொட்டில்லாத நெற்றியோடு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு.

மேளம் நின்றது. சதீஷ்குமாரின் பெரியம்மா பெரியாத்தாள் எல்லோருக்கும் கேட்கும்படி, "இதென்ன கருமமுங்க, எதுக்க வந்து நிக்கறா" என்றார். சதீஷ்குமார் ஓடி வந்தார். "அக்கா, இங்க வந்து மானத்தை வாங்காதீங்க. ஒதுங்குங்க."

"பிரேக்குல தப்பு நடந்துருச்சுங்க. நாந்தான் தப்பு பண்ணுனேன். வேற ஆயிலை ஊத்திட்டேன். இந்த இறக்கத்துல வண்டி நிக்காதுங்க." அக்கா இதை மெதுவாகச் சொல்லவில்லை. அத்தனை சனத்துக்கும் கேட்கட்டும் என்று சொன்னார். நான் எடுத்துக் கொடுத்த ஆயில் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"நான் அப்பவே நினைச்சனுங்க, பொம்பளை பூட்டுன வண்டி எத்தனை நாளைக்குன்னு" என்றார் தம்பி. இரண்டு பேர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் யார் என்று எனக்குத் தெரியும்.

ஆரோக்கியராஜ் வண்டியிலிருந்து இறங்கினார். தூத்துக்குடிப் பக்கத்து ஆள். "சார், அவங்க சொல்லுதது சரிதான். கோயில்ல இருந்தே வண்டிய பிடிச்சு இழுக்கு. உங்ககிட்ட ரெண்டு தடவ சொன்னேம்லா?" என்றார். அக்கா ஒருவர் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி முன்சக்கரத்தில் ஊற்றினார். சுர்ரென்று ஆவி எழுந்தது. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

அக்கா ரோட்டில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போனார். பட்டுச்சேலைகளுக்கு நடுவே அவர் கால் மட்டும் தெரிந்தது. ஒரு நட்டைத் தளர்த்தியதும் ஆயில் பீய்ச்சியடித்து அவர் முகத்தில் விழுந்தது. எழுந்து துடைத்துக்கொண்டார். "சக்கரத்தைப் புடிச்சிருந்த பிரேக்கு விட்டுருச்சுங்க. இனி கால் பிரேக் கிடையாது. ஹேண்ட் பிரேக் மட்டுந்தான், அது தனிக் கம்பியில வேலை செய்யறது."

"இன்னோவாவைக் கொண்டாரச் சொல்லுங்க. தேஜு, எறங்கு கண்ணு" என்றார் சதீஷ்குமார்.

அப்போது பெரியாத்தாள் குறுக்கே வந்தார். "தேங்காய் ஒடச்சு ஏத்துன பொண்ணை நடுரோட்டுல எறக்குவியா? ஆகாது சாமி. ஏறுன வண்டிலதான் மண்டபத்துல எறங்கோணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அல்லா மன்னிக்கட்டும். ஆகும் ஆகாது என்று நேற்று சதீஷ்குமார் அக்காவுக்குப் படித்த சட்டம் இன்று அவர் காலையே சுற்றிக்கொண்டது. தேஜஸ்ரீ கதவைத் திறக்கவே இல்லை. "நான் எறங்கலீங்கப்பா" என்றாள்.

"சரி, வண்டிய மெதுவாத் தள்ளிட்டுப் போயிரலாம். ஆரோக்கியராஜு, ஸ்டீரிங்கைப் பிடி."

"பிரேக்கு இல்லாத வண்டிலயா? வேண்டாம் சார், எனக்கு ரெண்டு புள்ளைய இருக்கு" என்று ஆரோக்கியராஜ் சாவியைக் கொண்டுவந்து நேராக அக்கா கையில் வைத்தார். அந்த மனுஷனுக்கு என் கடையில் ஆயுசுக்கும் டீ உண்டு.

சதீஷ்குமார் சுற்றிலும் பார்த்தார். வேறு யாரும் முன்னால் வரவில்லை. சிரித்த இரண்டு பேரும் கூட்டத்துக்குப் பின்னால் போய்விட்டார்கள். அக்கா கதவைத் திறந்து ஸ்டீரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தார். கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்தார்.

"தள்ளுங்க தம்பி" என்றார்.

தள்ளினார்கள். இறக்கத்தில் அக்கா ஹேண்ட் பிரேக்கை இழுத்து இழுத்து நடை வேகத்துக்கு வண்டியை இறக்கினார். பின்சீட்டில் தேஜஸ்ரீ நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஏற்றத்தில்தான் பார்க்க வேண்டும். பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆறு பஸ் ஆளுக்கு முதலாளி சதீஷ்குமார், டிக்கியில் தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மண்டப வாசல் சரிவாக ஏறும். அதில் பாதி ஏற்றி நிறுத்தினார்கள். வாசலில் சுமங்கலிகள் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். முன்சீட்டில் அக்காவைப் பார்த்ததும் தட்டு அப்படியே நின்றுவிட்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். சதீஷ்குமார் மூச்சு வாங்கிக்கொண்டு அக்கா பக்கத்து ஜன்னலுக்கு வந்தார்.

"அக்கா... ஆரத்தி எடுக்கோணுமுங்க. ஒரு நிமிஷம் எறங்கி அந்தப் பக்கமா நின்னுக்கங்க."

அக்கா ஹேண்ட் பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடியே இருந்தார். "எறங்கலாந்தானுங்க. ஹேண்ட் பிரேக்கு பல்லு வழுக்குது. நான் கையெடுத்தா வண்டி பின்னால உருண்டுரும். பின்னால நீங்கெல்லாந்தான் நிக்கறீங்க."

தள்ளியவர்கள் எல்லோரும் இரண்டடி பின்வாங்கினார்கள். சதீஷ்குமார் சரிவைப் பார்த்தார், உள்ளே மகளைப் பார்த்தார், தட்டு வைத்திருந்தவர்களுக்குக் கை காட்டினார்.

ஆரத்தி சுற்றினார்கள். சிவப்புத் தண்ணீர்த் தட்டு மூன்று தடவை வண்டிக்கு முன்னால் சுற்றியது. தட்டுக்கும் பெண்ணுக்கும் நடுவில் மயிலாத்தாள் அக்கா ஆயில் சட்டையோடு நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதினோரு வருஷமாக எந்த ஆரத்தித் தட்டும் அவர் இருந்த பக்கம் வந்ததில்லை. நான் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் நின்று அழுதேன். கோபத்தில்தான் அழுதேன்.

தேஜஸ்ரீ இறங்கி, அத்தையின் தோளை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு, உள்ளே போனாள். மேளமும் சனமும் அவளோடு போனது. வாசலில் சதீஷ்குமாரும் நானும், வண்டிக்குள் அக்காவும் மட்டும் இருந்தோம்.

அக்கா ஹேண்ட் பிரேக்கிலிருந்து கையை எடுத்தார். கதவைத் திறந்து இறங்கினார். கதவைச் சாத்தினார். ஸ்பேனரைச் சட்டைத் துணியில் துடைத்துப் பையில் போட்டார். வண்டி அந்தச் சரிவில் ஒரு விரல்கூட நகரவில்லை.

சதீஷ்குமார் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"புடிச்சுக்கிச்சாட்ட இருக்குதுங்க தம்பி" என்றார் அக்கா.